இரத்த அழுத்தமும் உடற்பயிற்சியும்



மொழி மன்றத்தின் மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இன்று நாம் உடலைப் பற்றிப் பேச இருக்கிறோம். ஆயினும் மொழியை விட்டு விலகிச் செல்லப் போவதில்லை. ஒரு நோயைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை, அந்நோய்க்கு அவர்கள் வழங்கும் பெயரே காட்டிவிடும். பெயர் பிழையான எண்ணத்தைத் தருமானால், அவ்வெண்ணம் பிழையான நடத்தையைத் தரும். இரத்த அழுத்தத்தின் வரலாறு நம் சமுதாயத்தில் அவ்வாறுதான் அமைந்துள்ளது. ஆகவே பெயரிலிருந்தே தொடங்குவோம்.

பெயரும் பொருளும்

நம் வீடுகளில் இந்நோய்க்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. பெரியவர்கள் ‘இரத்தக் கொதிப்பு’ என்கிறார்கள். மற்றவர்கள் ‘பிரஷர்’ என்கிறார்கள். மலாய் மொழி வழியே வந்த ‘டாரா திங்கி’ என்பதும் நம் பேச்சில் கலந்துவிட்டது.

‘கொதிப்பு’ என்னும் சொல் வெப்பத்தையும் சினத்தையும் நினைவூட்டுகிறது. அதனால் இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. அமைதியான மனிதருக்கு இந்நோய் வராது என்பது ஒன்று. வந்தால் உடம்பு தானே உணர்த்திவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. சினம் கொள்ளாதவருக்கும் இந்நோய் வரும். வந்த பின்னும் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இராது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று எண்ணி, மருத்துவர் தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவோர் பலர்.

‘டாரா திங்கி’ என்பதன் நேர்ப்பொருள் ‘உயர்ந்த இரத்தம்’. இதைக் கேட்போர் இரத்தத்தின் அளவு மிகுந்துவிட்டது என்று எண்ணுகின்றனர். அழுத்தம் தாழ்ந்தால் இரத்தம் குறைந்துவிட்டது என்று கருதி இரும்புச்சத்து மாத்திரை உண்போரும் உண்டு. இரத்தச் சோகை வேறு. தாழ்ந்த இரத்த அழுத்தம் வேறு. அளவு, நிறம், வெப்பம் ஆகிய எவற்றையும் இந்நோய் குறிக்கவில்லை. குறிப்பது அழுத்தம் ஒன்றையே. ஆகவே ‘இரத்த அழுத்தம்’ என்னும் சொல்லே நேரானது. பள்ளியில் அச்சொல்லையே பழக்குவது ஆசிரியரின் முதல் மருத்துவப் பணியாகும்.

அழுத்தம் என்பது என்ன?

ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒரு நாளில் இது ஓர் இலட்சத்தை எட்டுகிறது. ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இதயம் தமனிகளுக்குள் செலுத்துகிறது. அவ்வாறு செல்லும் இரத்தம் தமனிச் சுவரின்மீது செலுத்தும் விசையே இரத்த அழுத்தம். இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியேற்றும்போது அழுத்தம் உயர்கிறது. அது மேல் எண், இதயச் சுருக்க அழுத்தம். இதயம் தளர்ந்து மீண்டும் நிரம்பும்போது அழுத்தம் தாழ்கிறது. அது கீழ் எண், இதய விரிவு அழுத்தம். 120/80 என்று எழுதும்போது இவ்விரண்டையும் மில்லிமீட்டர் பாதரசத்தில் குறிக்கிறோம்.

தோட்டத்தில் நீர் பாய்ச்சும் இரப்பர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். குழாயினுள் அழுத்தம் கூடுவதற்கு இரண்டே வழிகள் உள்ளன. குழாய்த் திருகை மேலும் திறக்கலாம். அல்லது குழாயின் வாயை விரலால் நெருக்கலாம். உடலிலும் அவ்வாறே. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடினாலும், இரத்தக் குழாய்கள் சுருங்கினாலும் அழுத்தம் உயரும். நீண்ட காலமாக உயர் இரத்த அழுத்தம் உடையோரிடம் பெரும்பாலும் காணப்படுவது இரண்டாவது காரணமே. நுண்தமனிகள் இறுகிவிடுகின்றன. இயற்பியல் மாணவர்கள் ஒன்றை அறிவீர்கள். குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதன் எதிர்ப்பு 16 மடங்காக உயரும். ஆகவே நுண்தமனியில் நிகழும் சிறிய மாற்றமும் இதயத்திற்குப் பெரிய சுமையாகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள். உடற்பயிற்சி எவ்விடத்தில் வேலை செய்கிறது என்பதைப் பின்னர்க் காண்கையில் இது உதவும்.

அளந்தவர்களும் அளக்காதவர்களும்

இரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியதைக் கண்டு, 1733இல் நூலாக வெளியிட்டார். மனிதருக்கு 120 என்று நாம் சொல்லும் அழுத்தமும் சிறியதன்று. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி மிக்கது. ஆகவே அந்த அழுத்தம் ஒரு நீர்த்தம்பத்தை ஒன்றரை மீட்டருக்கும் மேலே தூக்கி நிறுத்தும். நம் உடலுக்குள் ஒவ்வொரு துடிப்பிலும் நிகழ்வது அதுவே.

உயிரோடிருக்கும் மனிதரின் தமனியை அறுத்து அளக்க இயலாது. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, கையில் சுற்றிக் காற்றூதும் பட்டையை அமைத்தார். 1905இல் உருசிய அறுவை மருத்துவர் கொரோட்கோவ், பட்டையைத் தளர்த்தும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலிகளைக் கொண்டு இரு எண்களையும் அறியும் வழியைக் கண்டார். இன்று மருந்தகங்களில் விற்கும் மின்கருவி அந்தப் பட்டையின் வழித்தோன்றலே.

அளக்கத் தெரிந்த பின்னரும் ஐம்பது ஆண்டுக்காலம் மருத்துவ உலகம் இவ்வெண்ணைப் பொருட்படுத்தவில்லை. வயது ஏற ஏற அழுத்தமும் ஏறுவது இயற்கை என்றே பலர் கருதினர். அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூசுவெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை இரத்தக் கசிவால் இறந்தபோது அவரது அழுத்தம் 300/190 ஆக இருந்தது. உலகப் போரை நடத்திய நாட்டின் தலைவருக்கே அன்று தக்க மருந்து இல்லை. இன்று மாதம் சில வெள்ளி செலவில், அல்லது அரசாங்கச் சுகாதார நிலையத்தில் அதனினும் குறைந்த செலவில் அம்மருந்து நமக்குக் கிடைக்கிறது. அவருக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்தும், அளந்து பார்க்காமல் இருப்பது நம் குறையே.

நம் நாட்டின் கணக்கு

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 30 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 64 இலட்சம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். அதே ஆய்வில், வயது வந்தோரில் நால்வருள் ஒருவர் போதிய உடலியக்கம் இல்லாதவர் என்பதும் தெரியவந்தது. உலக அளவிலும் நிலை இதுவே. 2019இல் 30 முதல் 79 வயதிற்குட்பட்டோரில் 128 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில், மருத்துவமனையில் அளக்கும்போது தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். வீட்டில் அளந்தால் 135/85 என்பதே எல்லை. ஆனால் தீங்கு அந்த எல்லையில் திடீரெனத் தொடங்குவதில்லை. பத்து இலட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வு, 40 முதல் 69 வயதினரிடம், மேல் எண் 115இலிருந்து ஒவ்வொரு 20 புள்ளி உயரும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு இரு மடங்காவதைக் காட்டியது. தாழ்ந்தால் நன்மையும் அவ்வாறே. மேல் எண் 5 புள்ளி தாழ்ந்தாலே இதய நோய், பக்கவாதம் முதலிய பெரும் பாதிப்புகள் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவதை 2021இல் வெளியான மற்றொரு பெரும் தொகுப்பாய்வு உணர்த்தியது. இந்த 5 என்னும் எண்ணையும் நினைவில் வையுங்கள்.

சிறுநீரகத்தையும் மறக்கலாகாது. உயர்ந்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டையாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்திருப்போர் நம் குடியிருப்புகளில் உள்ளனர். அவர்களின் வேலையும் வருமானமும் அந்தப் படுக்கையோடு கட்டுண்டுவிடுகின்றன. இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் சேர்ந்து ஒரு குடும்பத்தை அங்கே கொண்டு நிறுத்துகின்றன.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

பழைய கிள்ளான் சாலையை அடுத்த இந்தக் கம்போங் மேடானிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் பல குடும்பங்கள், ஓரிரு தலைமுறைக்கு முன் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவை. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரையில் இறங்கி, சில நூறு மரங்களைச் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளியைக் காண்டாக் கம்பில் சுமந்து பால் ஸ்டோருக்கு நடந்தவர்கள் நம் பாட்டிமார். அவ்வாழ்க்கையை நாம் போற்றிப் பாட வரவில்லை. வறுமையும் நோயும் நிறைந்த வாழ்க்கை அது. ஆனால் நடை அதில் இரண்டறக் கலந்திருந்தது. அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, நம் மக்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தனர். புறம்போக்கு வீடுகளிலும் பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறினர். லாரி ஓட்டுநராக, பாதுகாவலராக, தொழிற்சாலைப் பணியாளராக வேலை மாறியது. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். பாதுகாவலர் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். அல்லது அமர்ந்தே இரவைக் கழிக்கிறார். தொழிற்சாலையில் ஓரிடத்தில் நின்றவாறே கை மட்டும் இயங்குகிறது. உணவு மட்டும் நிரையில் நடந்தவரின் உணவாகவே நீடிக்கிறது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இருந்த தட்டில் இப்போது கிச்சாப்பும் உடனடி மீயும் சேர்ந்துவிட்டன. மலேசியர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு உண்பதாக நாடளாவிய ஆய்வு கண்டது. 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இலண்டன் பேருந்து சொன்ன செய்தி

உடலியக்கத்திற்கும் இதயத்திற்கும் உள்ள தொடர்பை அறிவியல் உலகம் ஒரு பேருந்திலிருந்தே கற்றது. ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர் இலண்டனின் ஈரடுக்குப் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே பேருந்தில் ஒரே சாலையில் செல்பவர்கள். ஆனால் ஓட்டுநரைவிட நடத்துநருக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. நடத்துநர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்கினார். பத்துமலையின் 272 படிகளை நாள்தோறும் இரண்டு முறை முதல் ஏறத்தாழ மூன்று முறை ஏறுவதற்கு இது ஒப்பாகும். ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே பருத்த உடலினராக இருந்திருக்கலாமே என்னும் ஐயம் எழுந்தது. மோரிஸ் அவர்களின் சீருடை அளவுகளையே தேடி ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு கூடுதலாக இருந்தது உண்மைதான். ஆயினும் பிற்கால ஆய்வுகள் பலவும் உடலியக்கத்தின் நன்மையை உறுதி செய்தன.

இங்கே ஒரு வினா எழும். நாள் முழுதும் மூட்டை சுமக்கிறேனே, எனக்கெதற்கு உடற்பயிற்சி என்று தந்தையர் கேட்பதுண்டு. நியாயமான வினா. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியோருக்கு இதய நோய் குறைந்திருந்தது. வேலையில் கடுமையாக உழைத்தோருக்கோ அது கூடியிருந்தது. காரணம் ஒருவாறு புலப்படுகிறது. பாரம் தூக்குவதும் நெடுநேரம் நிற்பதும் அழுத்தத்தைப் பல மணி நேரம் உயர்த்தி வைக்கின்றன. இடையில் இளைப்பாற இடமில்லை. அரை மணி நேர நடையோ அழுத்தத்தைச் சிறிது நேரம் உயர்த்தி, பின்னர் நெடுநேரம் தாழ்த்துகிறது. நடத்துநரின் வேலை நடையை ஒத்தது. மூட்டை தூக்குவோரின் வேலை அவ்வாறன்று. ஆகவே உழைப்பு வேறு, பயிற்சி வேறு. களைத்து வீடு திரும்பும் தந்தையைச் சோம்பேறி என்று யாரும் பழிக்க வேண்டா. அவருக்குத் தேவை ஓய்வும், அந்த ஓய்விற்குள் ஒரு மென்னடையும் ஆகும்.

பயிற்சி எவ்வாறு அழுத்தத்தைத் தாழ்த்துகிறது?

நடக்கும்போது மேல் எண் உயர்கிறது. இதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. தசைகளுக்குக் கூடுதல் இரத்தம் தேவைப்படுவதால் இதயம் கூடுதலாக வெளியேற்றுகிறது. திருகை மேலும் திறப்பது போன்றது அது. அதே வேளையில் இயங்கும் தசைகளின் நுண்தமனிகள் விரிந்து கொடுக்கின்றன. ஆகவே கீழ் எண் பெரிதாக மாறுவதில்லை. நடையை முடித்த பின் இதயம் அமைதியடைகிறது. விரிந்த குழாய்களோ உடனே சுருங்குவதில்லை. அதனால் அழுத்தம் முன்பிருந்ததைவிடத் தாழ்ந்து, பல மணி நேரம் அந்நிலையிலேயே இருக்கும். இன்று நடந்தால் இன்றே பயன் உண்டு. நாளை நடக்காவிட்டால் அந்தப் பயன் கரைந்துவிடும். ஆகவேதான் வாரம் ஒரு நாள் கடுமையாக ஓடுவதைவிடப் பெரும்பாலான நாள்களில் நடப்பது சிறந்தது.

வாரக்கணக்கில் தொடரும்போது இன்னும் ஆழமான மாற்றம் நிகழ்கிறது. வேகமாகப் பாயும் இரத்தம் தமனியின் உட்சுவரை உரசுகிறது. அவ்வுரசலால் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. அது குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. இவ்வாயு உடலில் செய்திசொல்லியாகச் செயல்படுவதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மேலும், குழாய்களை இறுக்கும் நரம்புகளின் கிளர்ச்சியும் பயிற்சியால் தணிகிறது. முன்னர் நாம் கண்ட 16 மடங்குக் கணக்கை இப்போது திருப்பிப் பாருங்கள். ஆரம் சிறிது விரிந்தாலும் எதிர்ப்பு பெரிதும் குறையும்.

எவ்வளவு குறையும்? 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான அறிக்கை, நடை, ஓட்டம், மிதிவண்டி போன்ற பயிற்சிகள் மேல் எண்ணைச் சராசரியாக 4.5 புள்ளி தாழ்த்துவதைக் காட்டியது. தசையை அசையாது இறுக்கி நிற்கும் பயிற்சியில் இது 8 புள்ளியாக இருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்தாற்போல் முழங்காலை மடக்கி நிற்பது அவ்வகையினது. அடுக்குமாடி வீட்டின் சிறு கூடத்திலும் செய்யக்கூடியது. 5 புள்ளியின் மதிப்பை முன்னரே கண்டோம்.

எவ்வளவு, எப்படி?

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், இரண்டு நாளேனும் தசை வலுப்பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள் என்று கொள்ளலாம். அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். மிதமான நடை எது என்றறிய எளிய சோதனை உண்டு. நடக்கையில் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது.

சில எச்சரிக்கைகளையும் கூற வேண்டும். ஓய்வு நிலையிலேயே 180/110ஐ எட்டுவோர் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். மூச்சை அடக்கிப் பெரும் பாரம் தூக்கலாகாது. உடற்கட்டு வீரர்கள் கால்களால் பெரும் பாரத்தைத் தள்ளும்போது தமனியில் நேராக அளந்து, சராசரியாக 320/250 வரை உயர்ந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர். பயிற்சியைச் சட்டென நிறுத்தாமல் மெல்லத் தணிக்க வேண்டும். மருந்து உண்போருக்குத் தலைசுற்றல் வரக்கூடும். நண்பகல் வெயிலிலும் புகைமூட்டக் காலத்திலும் வெளியே நடத்தல் வேண்டா. நெஞ்சுவலியோ மிகுந்த மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது இது: நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தலாகாது. எண் தாழ்ந்தால் அது மாத்திரையும் நடையும் சேர்ந்து தந்த பயன். அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பள்ளியும் வீடும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. அங்கே பெரிதும் பேசப்படுவது உணவின் அளவே. வாழும் முறையே முதல் மருந்து என்னும் அறிவு நம் மரபில் இருக்கிறது. அதை எண்ணோடு இணைப்பதே இன்றைய பணி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கொடுத்துவிடாதீர்கள். கபடியும் சிலம்பமும் ஓட்டமும் பிள்ளையின் தமனிகளுக்குக் கற்பிக்கும் பாடத்தை வேறெந்தப் பாடவேளையும் கற்பிக்காது.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களின் இரத்த அழுத்தத்தை அளக்கச் செய்யுங்கள். அளப்பதற்கு அரை மணி நேரத்திற்கு முன் காப்பியும் புகையும் கூடா. ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் பதிந்தும், கை இதயத்தின் மட்டத்திலும் இருக்க வேண்டும். அளக்கும்போது பேசலாகாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, நாளிட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த ஏட்டை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நோயை அறியாத பாதிப் பேரில் உங்கள் தாயோ தந்தையோ இருக்கக்கூடும். அதை முதலில் கண்டறிபவர் நீங்களாக இருக்கலாம். பின்னர், இரவு உணவிற்கு முன் அவர்களைக் கைப்பிடித்துப் படியிறக்கி, குடியிருப்பைச் சுற்றி இருபது நிமிடம் நடத்திச் செல்லுங்கள்.